அண்ணையின் பேச்சும் ஒரு சோடி மாடும்

என் வயதை ஒத்தவர்களே, ஒலிபெருக்கி இல்லாத காலத்து மேடைப்பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். எல்லாம் தொண்டைதான். பேசுகிறவனின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்துத்தான் அவன் சொல்வது முக்கியமான சங்கதியா இல்லையா என்று பின்வரிசைக்காரர் முடிவு செய்வார்கள். பிறகு நான் பல ஊர்களில் திரிந்து பல பேச்சுகள் கேட்டேன். கொழும்புத் துறைமுகத்தடியில் வேலைநிறுத்தக்காரர் பேச்சு, சந்தையில் பாம்பைக் காட்டி மருந்து விற்கிறவன் பேச்சு, ரயில் பெட்டியில் ஏறி நரகத்தைப் பற்றிச் சொல்கிறவர் பேச்சு. நின்று கேட்பதற்குச் செலவில்லை, அதனால் கேட்டேன். ஆனால் எங்கள் அண்ணை ஊர்ப் பள்ளிக்கூடத்தை முடித்த வருடம் பேசிய பேச்சைப்போல வேலை செய்த பேச்சை நான் எங்கும் கேட்கவில்லை. நல்ல பேச்சு என்று சொல்லவில்லை. வேலை செய்த பேச்சு.

எங்கள் வீடு சண்டிலிப்பாய்ப் பக்கம். தகப்பனை நாங்கள் அப்பு என்று கூப்பிடுவோம். அப்பு குத்தகை நிலத்தில் புகையிலையும் மரக்கறியும் செய்தார். சொந்த மாடு கிடையாது. உழவு வந்தால் ஊரில் எல்லாரும் உழுது முடிக்கும்வரை காத்திருந்து, களைத்த மாடுகளை இரவல் வாங்கி உழுவார். தை, மாசியில் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். விடியப்புறம் மூன்று பேரும் கிணற்றடிக்குப் போவோம். அப்பு துலாவில் ஏறுவார். இன்றைக்குப் பம்பு போட்டு இறைக்கிற பிள்ளைகள் துலாவைக் கண்டிருக்க மாட்டார்கள். கிணற்றுக்கு மேலே கிடையாகக் கிடக்கும் நீண்ட மரம் அது. அதன்மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடந்தால் அதன் நுனி தாழ்ந்து தாழ்ந்து உயரும். நுனியில் கட்டிய பட்டை, ஓலையில் முடைந்த வாளி, தண்ணீரோடு மேலே வரும். கீழே நின்று பட்டையைப் பிடித்து ஊற்றுவது அண்ணை. அந்தத் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி திருப்பிவிடுவது நான். அது முடிந்த பிறகுதான் பள்ளிக்கூடம். கையில் ஒட்டின புகையிலைப் பிசின் சிலேட்டிலும் ஒட்டும். சிலேட்டை நக்கித் துடைத்தால் நாள் முழுக்க வாய் கசக்கும்.

எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அண்ணை கடைசி வகுப்பை முடித்துவிட்டார். அதற்கு மேலே படிக்க வேண்டுமென்றால் பட்டணத்து இங்கிலீசுப் பள்ளிக்கூடம்தான். அண்ணைக்கு அங்கே போகவேண்டும். சாப்பிடும்போதும் அந்த நினைப்பு, பட்டை பிடிக்கும்போதும் அந்த நினைப்பு. அப்பு வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றுதான் சொன்னார். எங்கள் வீட்டில் பாப்பம் என்றால் கையில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

ஒரு வழி இருந்தது. ஊரில் மலாயாப் பென்சன்காரர் ஒருவர் இருந்தார். வாலிபம் முழுவதையும் அங்கே ரயில் கந்தோரில் எழுத்துவேலையில் கழித்துவிட்டு வந்து, கல்வீடு கட்டி, கோட்டுப் பையில் சங்கிலி மணிக்கூட்டோடு உலாவினவர். பரிசளிப்பு விழாவுக்கு வருடாவருடம் அவர்தான் தலைமை. வருடாவருடம் ஒரு பிள்ளையைத் தன் செலவில் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார். எந்தப் பிள்ளை என்பதை மேடையில் வைத்தே சொல்லுவார். வகுப்பை முடித்துப் போகிறவர்களின் சார்பில் அந்த வருடம் பேசுகிற முறை அண்ணைக்கு வந்தது. பென்சன்காரரின் மனம் இளகினால் பட்டணம், இளகாவிட்டால் பட்டை. அண்ணைக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

தலைமை உபாத்தியாயரை நாங்கள் சட்டம்பியார் என்போம். பேச்சை எழுதிக் கொடுத்தவர் அவர். தலைப்பு, உழவின் மேன்மை.

"எனக்கு உழவு வேண்டாமே, சட்டம்பியார்?" என்றார் அண்ணை.

"உனக்கு என்ன வேணும் எண்டு ஆர் கேட்டது? அந்த மனிசன் தோட்டம், துரவு எண்டால் உருகிப்போயிடும். அவருக்குப் பிடிச்சதைச் சொல்லு, உனக்கு வேண்டியது வரும்."

பென்சன்காரர் மண்வெட்டி பிடித்தவர் அல்லர். அதனால்தான் உருகினார் என்று இப்போது நினைக்கிறேன்.

பேச்சைப் பாடமாக்கிக் கொடுக்கும்போது சட்டம்பியார் ஒன்று சொன்னார். அண்ணை அதை வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிக் காட்டினார். "மூண்டு பூட்டாம். முதல் பூட்டு, ஆர் சொல்லுறான் எண்டது. கையைக் காட்டு, தோட்டக்காரன்ரை கை எண்டு கண்டால் நம்புவினம். இரண்டாவது, என்ன நியாயம் எண்டது. ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா அடுக்கு. மூண்டாவது நெஞ்சு. அதைக் கடைசியாத்தான் திறக்கவேணும். முதலே திறந்தால் செத்தவீடாக்கும் எண்டு எழும்பிப் போயிடுவினமாம்."

ஒத்திகை புகையிலைத் தோட்டத்தில் நடந்தது. நான் அவைத்தலைவர். கவிழ்த்த ஓலைக் கடகத்தின்மேல் இருந்தேன். புகையிலைச் செடிகள் மகாசனங்கள். அண்ணை வரம்பில் நின்று, "மாட்சிமை தங்கிய அவைத்தலைவர் அவர்களே" என்று எனக்குக் கும்பிடு போடுவார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. முடிந்ததும் ஓடி வந்து என் முகத்தைப் பார்ப்பார்.

"அழுகை வருதோடா?"

"பசிக்குது."

"எந்த இடத்திலை?"

"முழுக்க."

புகையிலைச் செடிகள்தான் நல்ல சபை. எதைச் சொன்னாலும் தலையாட்டின. அம்மா கீரை பிடுங்க வந்தவா ஒருநாள் வேலியோரம் நின்று கேட்டுவிட்டு, "உழவு உவ்வளவு சொர்க்கமெண்டால், கொப்பர் ஏன் மோனை படுக்கேக்கை காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு முனகுறார்?" என்று கேட்டா. சட்டம்பியார் எழுதியதில் அதற்குப் பதில் இருக்கவில்லை.

விழா பின்னேரம் வைத்தார்கள். பள்ளிக்கூட முற்றத்தில் ஓலைப் பந்தல், தோரணம், முன்னுக்குக் கதிரைகள், பின்னுக்கு வாங்குகள். வாங்கிலும் இடமில்லாதவர்கள் பூவரச மரத்தடியில் நின்றார்கள். அண்ணைக்குச் சட்டம்பியாரின் கோட்டு இரவல். கை நீண்டு விரல்களை மூடிக்கொண்டு கிடந்தது. பேச்சின் தொடக்கத்தில், "தோட்டத்தில் உழைக்கும் இக்கரங்களைக் காணுங்கள்" என்று கையைத் தூக்கினார். கரம் வெளியே வரவில்லை. கோட்டுக் கைதான் ஆடியது. வாங்கிலிருந்து ஒருவர், "தம்பி, கையைத் தோட்டத்திலையே விட்டிட்டு வந்திட்டியோ?" என்றார். சபை சிரித்தது. அண்ணையும் சிரித்துவிட்டு, கோட்டை முழங்கை வரைக்கும் சுருட்டிக் கையைக் காட்டினார். பிசின் ஏறிக் கறுத்த கை. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். முதல் பூட்டு அப்படித் திறந்தது.

இரண்டாவதும் நன்றாகவே போனது. கந்தோரில் எழுதுகிறவனும் உண்ண வேண்டும், நீதவானும் உண்ண வேண்டும், எழுதுகோல் பிடிப்போர் அனைவரும் ஏர் பிடிப்போர் வீட்டு விருந்தினரே என்று அண்ணை நியாயங்களை அடுக்க அடுக்கப் பென்சன்காரர் கைத்தடியால் நிலத்தைத் தட்டி ஆமோதித்தார்.

மூன்றாவதில் அண்ணைக்குச் சொல் மறந்துபோனது. சட்டம்பியார் பந்தல் காலுக்குப் பின்னால் நின்று வாயை அசைத்தார். "பூமித்தாய்" என்று அசைத்தாராம். அவருக்குப் பல்வலியாக்கும் என்றுதான் அண்ணைக்கு விளங்கியதாம். அண்ணையின் கண் சபைக்கு மேலாகப் போய்ப் பூவரச மரத்தடியில் நின்றது. அங்கே அப்பு நின்றார். தோட்டத்திலிருந்து நேரே வந்தவர், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, காலில் காய்ந்த சேற்றோடு நின்றார். அண்ணை மேடைத் தமிழை விட்டுவிட்டார்.

"உங்கை நிக்கிறார் என்ரை அப்பு."

மேடைத் தமிழில் இங்கே உண்டு, அங்கே உண்டு. உங்கை கிடையாது. உங்கை என்பது எங்கள் வாய்ச்சொல். சொல்கிறவனுக்குக் கிட்ட இல்லாமல் கேட்கிறவனுக்குக் கிட்ட இருப்பதைச் சொல்கிற சொல். வேறு ஊர்களில் நான் அதைச் சொன்னபோது சிரித்தார்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே நிற்கிறார் என்றிருந்தால் தூரத்தில் ஒருவர் என்று இருந்திருப்பார்கள். உங்கை என்றதும் உங்களுக்குள்ளே, உங்களுக்குப் பக்கத்திலே என்று ஆகிவிட்டது. முழுச் சபையும் திரும்பிப் பார்த்தது.

"அவரின்ரை காலைப் பாருங்கோ. விடிய விடியத் துலாவிலை நடக்கிறார். அந்த நடையை றோட்டிலை நடந்திருந்தால் கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்திருப்பார். ஆனா அவர் கிணத்தடியை விட்டு ஒரு அடி அங்காலை போகேல்லை."

அப்பு தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார். வெடித்த குதிக்கால் எங்கே ஒளிக்கும்? முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு கைதட்டல். ஓலைப் பந்தலுக்கு மேலே இருந்த காகங்கள் கலைந்து பறந்தன. பூவரச மரத்தடியில் அப்புவும் கை தட்டினார்.

பென்சன்காரர் எழும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த வருசம் நான் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தரையும் அனுப்பப் போறதில்லை. உப்பிடி ஒரு பெடியனைக் கொண்டுபோய்க் கந்தோரிலை கெடுக்கிற பாவம் எனக்கு வேண்டாம். மண்ணை உவ்வளவு நேசிக்கிற பிள்ளைக்கு மண்ணைக் கொத்த வழி செய்யவேணும். என்ரை பட்டியிலையிருந்து ஒரு சோடி மாடு தாறன்!"

சபை ஆரவாரித்தது. சட்டம்பியார் வேப்பெண்ணெய் குடித்தவர்போல நின்றார். மகிழ்ந்துபோனவன் நாம் விரும்பியதைத் தருவான் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். மகிழ்ந்துபோனவன் எது தன்னை மகிழ்வித்ததோ அதைத்தான் தருவான். இதை நான் பிற்பாடு பல இடங்களில் கண்டேன். அண்ணை மேடையில் கோட்டுக் கையை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

ஒன்று வெள்ளை, ஒன்று மயிலை. கொம்புக்கு எண்ணெய் பூசி, கழுத்தில் மணி கட்டிக் கொடுத்தார்கள். அப்பு அவற்றை ஊரின் ஒழுங்கை, சந்து எல்லாம் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தார். நேர்வழியில் வந்திருந்தால் கெதியாக வந்திருக்கலாம்.

"என்ரை மோன் வாயைத் திறந்தான், மாடு வந்து நிக்குது!" என்றார் படலையில் நின்று.

"மோன் ஒருக்காத்தான் திறந்தவன். உதுகள் இனி நாள் முழுக்க வைக்கலுக்கு வாயைத் திறக்கும்" என்றா அம்மா.

மாசியில் உழவு இல்லை. மாடுகள் சும்மா நின்று தின்றன. அப்பு காலையும் மாலையும் அவற்றைக் குளிப்பாட்டினார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பேச்சை முதலிலிருந்து சொல்லி, "எவ்வளவு வடிவாச் சொன்னான்!" என்று முடித்தார். எனக்கும் மாடுகளைப் பிடித்திருந்தது. மயிலையின் நாக்கு என் முதுகை அரம்போல உராய்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. அண்ணை மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. சோற்றை அளைந்துவிட்டு எழும்பினார்.

"உள்ளதைக் கொப்பரிட்டைச் சொல்லிப்போடன்" என்றா அம்மா.

"எப்பிடிச் சொல்லுறது? 'என்ரை மோன் மேடையிலை ஏறிப் பொய் சொல்லுவானோ' எண்டு சந்தையெல்லாம் கேட்டுக்கொண்டு திரியிறார். இனி நான் பொய் எண்டு சொன்னால் அவரின்ரை முகத்தை எங்கை வைக்கிறது?"

சட்டம்பியாரிடம் போனால், "கொஞ்ச நாள் பொறு தம்பி" என்றார். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக் கூரை போட்டுத் தருவதாகப் பென்சன்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கூரை வரும்வரைக்கும் அவர் வாய் திறக்க மாட்டார் என்று எனக்குக்கூடத் தெரிந்தது. அதற்குள் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் நிரம்பிவிடும்.

அண்ணை கிணற்றடியில்தான் சொன்னார். அப்பு மேலே துலாவில், அண்ணை கீழே பட்டையில், நான் வாய்க்காலில். முகத்துக்கு முகம் பார்க்காமல் கதைக்க அதைப்போல ஒரு இடம் இல்லை.

"அப்பு, அந்தப் பேச்சு என்ரை இல்லை. சட்டம்பியார் எழுதித் தந்தது. எனக்குப் பட்டணத்துக்குப் போய்ப் படிக்கத்தான் விருப்பம்."

அப்பு துலாவின் நடுவில் நின்றுவிட்டார். பட்டை கிணற்றின் பாதியில் தொங்கியது. அதிலிருந்து ஒழுகிய தண்ணீர் கிணற்றுக்குள் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"என்ரை காலைப் பற்றிச் சொன்னது? அதுவும் அவர் எழுதினதோ?"

"இல்லை அப்பு. அது நான் சொன்னது."

"பெருமையாச் சொன்னியோ, கவலையாச் சொன்னியோ?"

"கவலையாத்தான்."

"எல்லாரும் கை தட்டினவையே."

"ஓம் அப்பு."

"நானும் தட்டினனான்."

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுகிறாரோ என்று நான் பார்த்தேன், தெரியவில்லை. ஊர் முழுக்க உழவனுக்குப் பாடின புகழ் என்று கேட்டதை, அண்ணை ஒரு மனிதன் எங்கும் போகாமல் நடந்து தேய்கிறான் என்ற முறையீடாகத்தான் சொல்லியிருக்கிறார். சட்டம்பியாரின் பேச்சுக்கு நேரெதிரான அந்த ஒரு சொல்தான் அந்தப் பேச்சை வெல்ல வைத்தது. அன்றைக்கு எனக்கு இது விளங்கவில்லை. விளங்கியவர் அப்பு ஒருவர்தான்.

"தண்ணியை ஊத்து. பாத்தி காயுது" என்றுவிட்டு அப்பு மறுபடி நடந்தார்.

இறைப்பு முடிந்ததும் மாடுகளைக் குளிப்பாட்டினார். தானும் குளித்து, தோய்த்த வேட்டி உடுத்து, சால்வை போட்டார். வெள்ளையின் கயிற்றைத் தான் பிடித்து, மயிலையின் கயிற்றை என்னிடம் தந்து, "நீயும் வா" என்று அண்ணையைப் பார்த்துச் சொன்னார்.

பென்சன்காரர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். மாடுகளைக் கண்டதும், "என்ன காணும், ஏதும் நோயோ மாட்டுக்கு?" என்று கேட்டார்.

"மாட்டிலை ஒரு குறையும் இல்லை, ஐயா. நல்ல மாடு. பெடியன் அண்டைக்குச் சொன்னது அவன்ரை மனமில்லை. சொல்லச் சொன்னதைச் சொல்லிப்போட்டான். அவனுக்குப் படிக்கத்தான் ஆசை."

"ஆர் சொல்லச் சொன்னது?"

"அது கிடக்கட்டும், ஐயா."

பென்சன்காரர் நிமிர்ந்து இருந்தார். முகம் சிவந்துவிட்டது. "அப்ப ஊருக்கு முன்னாலை என்னை அழவைச்சது பொய்யோ? கள்ளனுக்கோ நான் படிப்புச் செலவு செய்யிறது?"

அண்ணை என் பின்னால் வந்து நின்றுகொண்டார். எல்லாம் முடிந்தது, மாடும் இல்லை, படிப்பும் இல்லை என்று நினைத்தேன். அப்பு கயிற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சந்தையில்கூட விலை பேசத் தெரியாத மனிதர். தரகன் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வருகிறவர்.

"ஐயா கோபிக்கக்கூடாது. தனக்கு வேண்டாததையே உப்பிடிச் சொல்லி எங்கள் இரண்டு பேரையும் அழவைச்சுப்போட்டான். தனக்கு வேண்டியதைச் சொல்லப் படிச்சானெண்டால்? ஒரு புறக்கிராசிக்கு வேறை என்ன வேணும், ஐயா?"

நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காக வழக்காடுகிறவரை அந்த நாளில் புறக்கிராசி என்போம். பென்சன்காரர் அப்புவை உற்றுப் பார்த்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. சத்தம் பிந்தித்தான் வந்தது. சிரித்துச் சிரித்து இருமி, சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

"நீர் ஏன் காணும் அண்டைக்கு மேடையிலை ஏறேல்லை?"

அப்பு சிரிக்கவில்லை. அவர் பகிடி விடவில்லை, நியாயம் சொன்னார்.

"சரி. இரண்டும் தரமாட்டன். மாடோ, படிப்போ? இப்ப சொல்லும்."

"படிப்பு" என்றார் அப்பு. உடனே சொன்னார். சொன்ன பிறகுதான் வெள்ளையின் கழுத்தில் கையை வைத்து, தாடையின் கீழே சொறிந்துவிட்டுக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு கயிற்றை வேலைக்காரனிடம் கொடுத்தார். கழுத்து மணிகளைக் கழற்றித் தரட்டோ என்று அவன் கேட்டான். வேண்டாம் என்று கை காட்டினார்.

அண்ணை போனால் பட்டை பிடிக்க ஆள் வேண்டும். அதற்கு யாரும் மேடை ஏறிப் பேசி என் மனத்தை மாற்றவில்லை. பட்டையைக் கையில் தந்தார்கள், நான் பிடித்தேன். என் பள்ளிக்கூடம் அத்தோடு போய்விட்டது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததாக ஞாபகமில்லை. கை கொப்பளித்துப் பிறகு காய்த்ததுதான் ஞாபகம். கொழும்புக்குப் போய்த் திரும்புகிற நடையைப் பற்றிக் கேட்டதிலிருந்து எனக்கு றோட்டில் கண் போயிருந்தது. மீசை அரும்பும் முன்னரே நான் அந்த நடையைத் தொடங்கிவிட்டேன். அது வேறு கதை.

சித்திரை வருடப் பிறப்புக் கழிந்து அண்ணை பட்டணத்துக்குப் புறப்பட்டார். சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றிப் போகிற வண்டியில் இடம் கேட்டிருந்தோம். அம்மா பனம்பழப் பினாட்டும் எள்ளுருண்டையும் கட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தா. அண்ணை அப்புவுக்கு முன்னால் வந்து நின்றார். அவர் ஏதோ பாடமாக்கி வைத்திருக்கிறார் என்பது, பழைய அவைத்தலைவரான எனக்கு அவர் நின்ற நிலையிலேயே தெரிந்துவிட்டது.

"அப்பு, நீங்கள் எனக்காகச் செய்த தியாகத்தை என்னுடைய உயிர் உள்ளவரைக்கும்..."

அப்பு கையை உயர்த்தினார். கோபமில்லை. சூடான சட்டியைத் தொடப் போகிற பிள்ளையைத் தடுக்கிற மாதிரி.

"வடிவாச் சொல்லாதை, மோனை."

அண்ணை வாயை மூடிக்கொண்டார். வண்டில்காரன் நுகத்தடியைச் சரிசெய்துகொண்டு, "வெயில் ஏறுது தம்பி, கத்தரிக்காய் வாடப்போகுது" என்றான்.

"போட்டு வாறன், அப்பு."

அப்பு அவருடைய முகத்தைப் பார்த்தார், நல்லாகப் பார்த்தார்.

"ஓம்" என்றார். பிறகு குனிந்து பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார்.